பென்ஷனில் பாதி வாங்கித் தருகிறேன் என்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள்

40,000 ரூபாய் போனதைக்கூட ஆறப்போட்டுவிடுவேன். கூடவே 14 மாதமும் போனதுதான் ஆறவில்லை.

எனக்கு விவாகரத்தாகி ஆறு வருடம். அவர் அரசு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். நான் தையல் மெஷினை நம்பி இருக்கிறேன், கண் பார்வையும் குறைந்து வருகிறது. சொந்தக்காரர் ஒருவர், பென்ஷன் வேலையெல்லாம் முடித்துக் கொடுப்பார் என்று ஒருவரிடம் அழைத்துப் போனார். ஜெராக்ஸ் கடை ஓரத்தில் ஒரு மேஜை, அவ்வளவுதான் ஆபீஸ். "அக்கா, பாதி பென்ஷன் உங்கள் உரிமை. கருவூலத்தில் மனு போட்டால் நேராக உங்கள் கணக்குக்கே வந்துவிடும்" என்றார். முத்திரைத்தாளில் கையெழுத்து வாங்கினார். முதலில் 15,000, அப்புறம் "மேலிடத்துக்கு" என்று 25,000. ஒரு வருடம் கழித்து ஓர் "ஆணை"யின் நகல் தந்தார். அதில் இருந்த ரப்பர் ஸ்டாம்பில் 'கருவுலம்' என்று இருந்தது. எழுத்துப்பிழையைப் பார்த்த பிறகும் நம்பினேன் பாருங்கள்!

கருவூலத்துக்கு எடுத்துக்கொண்டு போனேன். அங்கிருந்த அம்மா சிரிக்கவில்லை, அது அவருடைய நல்ல மனசு. "விவாகரத்தானால் பென்ஷனைப் பிரித்துக் கொடுக்கிற ஏற்பாடே இங்கே கிடையாதும்மா. நாளைக்கு அவர் இறந்தாலும் குடும்ப ஓய்வூதியம் உங்களுக்கு வராது. கேட்பதென்றால் கோர்ட்டில் ஜீவனாம்சம்தான் கேட்கணும்" என்றார்.

அவர் சொல்லித்தான் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போனேன். பெண்கள் என்றால் வருமானம் எவ்வளவு என்று பார்ப்பதில்லை, இலவசமாகவே வக்கீல் வைத்துத் தருகிறார்கள். 1987ஆம் வருடச் சட்டத்திலேயே அப்படி இருக்கிறதாம். 15100க்குப் போன் செய்தும் கேட்கலாம். மறுமணம் செய்யாமல், தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வழியில்லாமல் இருக்கிற விவாகரத்தான மனைவி ஜீவனாம்சம் கேட்கலாம். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 125ஆம் பிரிவு என்பார்களே, அதற்குப் பதிலாக 2024 ஜூலையில் வந்த புதிய சட்டத்தில் அது 144. அவருடைய பென்ஷன் அங்கே வருமானமாகக் கணக்கில் வரும். பாதி, கால் என்று கணக்கெல்லாம் கிடையாது. இரண்டு பேர் நிலைமையையும் பார்த்து நீதிபதி முடிவு செய்வார்.

இனிமேல்தான் வயிறு எரிகிற விஷயம். ஜீவனாம்சத்தை மனு போட்ட தேதியில் இருந்து கணக்கிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020இல் சொல்லியிருக்கிறது. அந்த ஆளை நம்பி மேஜை முன்னால் உட்கார்ந்திருந்த 14 மாதத்துக்கு எனக்கு ஒரு ரூபாய் கேட்க வழியில்லை.

இப்போது மனு போட்டாகிவிட்டது, முதல் வாய்தாவும் முடிந்தது. போலீசிலும் புகார் கொடுத்து ரசீது வாங்கி வைத்திருக்கிறேன். போனில் அனுப்பிய 15,000க்கு ஆதாரம் இருக்கிறது. கையில் கொடுத்த 25,000 பற்றிக் கேட்டால், "எப்போ கொடுத்தீங்க அக்கா?" என்கிறார்.