இரண்டு அடுப்புக்கு ஒரு தோசைக்கல்

சிலிண்டர் தீர்ந்துபோன ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் எங்கள் வீட்டுத் தோசைக்கல்லை முதன்முதலாகக் கவிழ்த்துப் பார்த்தேன். மாவு பொங்கி நிற்கிறது. கூடத்தில் விருந்தாளிகள். வேறு வழியில்லாமல், அம்மா தந்த பழைய கல்லை இண்டக்‌ஷன் அடுப்பில் ஏற்றினேன். இரும்பாயிற்றே, அடுப்பு மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது. ஆனால் தோசை நடுவில் கருகியது. ஓரத்தில் மூன்று விரல் அகலத்துக்கு மாவாகவே நின்றது. கல் ஆறிய பிறகு கவிழ்த்தால், அடியில் விளிம்பை ஒட்டி ஒரு வளையம். கல்லின் நடுப்பகுதி அடுப்பின் கண்ணாடியைத் தொடவே இல்லை. சூட்டை அளக்கும் உணர்கருவி கண்ணாடிக்குக் கீழே இருக்கிறது. மேலே இரும்பு கொதிப்பது அதற்கு எப்படித் தெரியும்?

அன்று தொடங்கிய தேடல், நான்ஸ்டிக் கல் ஒன்று, வார்ப்பிரும்புக் கல் ஒன்று, இரவல் வாங்கிய மூன்றடுக்கு எவர்சில்வர் கல் ஒன்று என்று மூன்றையும் சுற்றி வந்தது. கடைசியில் நிலைத்தது வார்ப்பிரும்பு. நான் அதன் கட்சிக்காரன் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

எல்லோருக்கும் தெரிந்ததைச் சட்டென்று முடித்துவிடலாம். காஸ் அடுப்புக்கு எந்தப் பாத்திரமும் சரி. இண்டக்‌ஷனுக்குக் காந்தம் ஒட்டும் அடி வேண்டும். அடியில் தனித் தகடு பதிக்காத அலுமினியம், செம்பு, பித்தளை, மண்சட்டி, கல்சட்டி எதுவும் சூடேறாது. ஈயச்சொம்பு ரசமும் காஸோடு சரி. அங்கேயும் ரசத்தை ஊற்றிய பிறகுதான் அடுப்பில் ஏற்ற வேண்டும், ஏனென்றால் அந்தச் சொம்பு வெள்ளீயம், 232 டிகிரியில் உருகிவிடும். எவர்சில்வர் என்றாலே ஒட்டும் என்றும் நம்பக் கூடாது: 304 வகையில் காந்தம் பெரும்பாலும் ஒட்டாது, 430 வகையில் ஒட்டும்.

இனி நான்ஸ்டிக். அதன் பெருமையை மறைக்க முடியாது. கடையிலிருந்து கொண்டுவந்த அன்றே தோசை வழுக்கிக்கொண்டு வந்தது. உள்ளே இருப்பது அலுமினியம்; இரும்பைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். இண்டக்‌ஷனுக்காக அடியில் ஓர் இரும்புத் தகடு பதித்திருப்பார்கள். ஓரம்வரை ஒரே நிறத்தில் தோசை, எண்ணெய் சொட்டுக் கணக்கில். எடையும் குறைவு. மணிக்கட்டு வலி உள்ளவர்களும் எழுபது வயதுக்காரர்களும் இதையே வாங்கலாம், அதில் எனக்கு வாதமே இல்லை.

ஆனால் அந்தப் பூச்சு சுமார் 260 டிகிரிக்கு மேல் சிதையத் தொடங்கும். வெறும் கல்லை முழு வேகத்தில் வைத்துவிட்டுச் சட்னிக்குத் தாளிக்கப் போய்த் திரும்பினால் அந்த எல்லையைத் தாண்டியிருக்கும். எங்கள் கல் ஒன்றரை வருடம் உழைத்தது. முதலில் நடுவில் ஒரு ரூபாய் அளவுக்குச் சாம்பல் நிறம். பிறகு அந்த இடத்தில் மட்டும் தோசை ஒட்டியது. பிறகு கரண்டி பட்ட கோடுகள். தேய்த்துப் பார்த்தேன், எண்ணெய் தடவிப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. பூச்சு போனால் கல்லும் போனது. என்னை அதிலிருந்து விலக்கியது விலையோ உடல்நலக் கவலையோ அல்ல. கெட்டுப்போன பிறகு வீட்டில் இருப்பவரால் செய்யக்கூடியது ஒன்றுமே இல்லை என்பதுதான்.

இரும்பும் கெடும். இன்னும் சுலபமாகக் கெடும் என்றுகூடச் சொல்லலாம். போன வருடம் ஒரு வாரம் ஊருக்குப் போய்த் திரும்பினால், வீட்டைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த சித்தி, நல்ல மனத்தோடு, கல்லைச் சோப்புப் போட்டுக் கம்பிநாரால் தேய்த்து, இரவு முழுக்கத் தொட்டித் தண்ணீரில் ஊறவிட்டிருந்தார். இரண்டு வருடமாகப் பழகிய கறுப்பு போய்ச் செங்காவி நிறம். "எவ்வளவு அழுக்கு வந்தது தெரியுமா?" என்றார். என்ன சொல்வது! "நல்ல வேலை செய்தீர்கள் சித்தி" என்றேன்.

அன்று மாலையே மீட்டேன். கல் உப்பைத் தூவி, அதே கம்பிநாரால் துரு முழுக்கப் போய்ச் சாம்பல் நிறம் தெரியும்வரை தேய்த்தேன். கழுவித் துடைத்து, காஸில் வைத்துக் கடைசி ஈரமும் போகச் சூடேற்றினேன். பிறகு அரைக் கரண்டிக்கும் குறைவான நல்லெண்ணெயை முன்னும் பின்னும் தடவி, தடவியதையெல்லாம் பழைய துணியால் வழித்து எடுத்தேன். எண்ணெய் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வர வேண்டும். அதுதான் அளவு. புகை வந்து அடங்கும்வரை சூடு, பிறகு ஆறவிடுதல், மறுபடி எண்ணெய். நான்கு முறை. சூட்டில் எண்ணெய் இறுகி இரும்போடு ஒட்டி ஒரு மெல்லிய படலமாகிறது. கல் பழகுகிறது என்று நாம் சொல்வது இதைத்தான். முதல்முறை பழக்கியபோது தாராளமாக ஊற்றினால் சீக்கிரம் பழகும் என்று நினைத்து, பசை போலப் பிசுபிசுக்கும் ஒரு கல்லைத்தான் உருவாக்கினேன். முழுவதையும் தேய்த்தெடுத்து மறுபடி தொடங்க வேண்டியதாயிற்று.

மறுநாள் காலை பாதி வெங்காயத்தைக் கரண்டிக் காம்பில் குத்தி, எண்ணெயில் தொட்டுத் தேய்த்தேன். முதல் இரண்டு தோசை பிய்ந்து காக்கைக்குப் போயின. மூன்றாவது வந்தது. இந்த மீட்சிக்கு ஒரு மாலைப் பொழுதும் கொஞ்சம் எண்ணெயும்தான் செலவு. எத்தனை முறை கெட்டாலும் இது நடக்கும்.

தினசரிப் பாடு ஒன்றும் பெரிதில்லை: ஆறிய பிறகு துணியால் துடைப்பது, தண்ணீர் பட்டால் உடனே அடுப்பில் உலர்த்துவது, லேசாக எண்ணெய் தடவி வைப்பது. புளியும் தக்காளியும் அந்தப் படலத்தை அரித்துவிடும். தொக்கை அதில் வதக்கக் கூடாது. சப்பாத்தி போட்ட கல்லில் தோசை வராது என்று வீடுகளில் சொல்வதிலும் பொருள் இருக்கிறது. எண்ணெயில்லாமல் நெடுநேரம் காய்ந்தால் படலம் எரிந்துபோகும். சப்பாத்திக்குத் தனிக் கல் வைத்திருக்கிறோம்.

இண்டக்‌ஷனில் வார்ப்பிரும்பு வைக்கும்போது ஒரு பொறுமை வேண்டும், இதில் என் கட்சியை நானே கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறேன். அடுப்புக்குள் இருக்கும் கம்பிச்சுருள் கல்லைவிடச் சிறியது. அந்தச் சுருளுக்கு நேர் மேலே இருக்கும் இரும்புதான் சூடேறும். அங்கிருந்து ஓரத்துக்குச் சூடு மெதுவாகப் போய்ச் சேர வேண்டும். எடுத்த எடுப்பில் 2000 வாட் வைத்தால் நடு கொதிக்கும், விளிம்பு சில்லென்றிருக்கும், கல் விரிசல் விடவும் கூடும். நான் 500 வாட்டில் ஆறேழு நிமிடம் காயவிட்டு, பிறகு 1200-க்கு ஏற்றுகிறேன்; இரண்டு தோசைக்கு ஒருமுறை கல்லைத் தூக்கிக் கால் வட்டம் திருப்பி வைக்கிறேன். இழுத்துத் திருப்பினால் கண்ணாடியில் கீறல் விழும். சூடேறிவிட்டால் பிறகு அதன் கனமே உதவி. குறைந்த வேகத்தில் இந்த அடுப்புகள் நின்று நின்று எரியும். மெல்லிய கல்லில் அந்த ஏற்ற இறக்கம் தோசையில் தெரியும், கனத்த இரும்பு அதை விழுங்கிவிடும். இவ்வளவு செய்தும், ஓர முறுகலில் காஸ் தோசைக்கு இந்தத் தோசை ஒரு படி கீழேதான்.

தகட்டு இரும்புக் கல் நான் வாங்கியதில்லை. எதிர்வீட்டில் இருக்கிறது. இலேசானது, காஸில் நன்றாகவே வருகிறது. அவர்கள் அதை இண்டக்‌ஷனில் வேகமாகச் சூடேற்றி, அடி நடுவில் உப்பிவிட்டது. இப்போது கரண்டி பட்டால் கண்ணாடி மேல் பம்பரம் சுற்றுகிறது.

மூன்றடுக்கு எவர்சில்வரை நான்கு நாள்தான் வைத்திருந்தேன்; அதைவைத்துத் தீர்ப்பு எழுதுவது நியாயமாகாது. பால் காய்ச்சவும் குழம்புக்கும் அந்த வகைப் பாத்திரங்கள் இரண்டு அடுப்பிலும் அருமை, புளியும் அதை ஒன்றும் செய்யாது. தோசைக்கு மட்டும் என் கைக்கு ஒத்துவரவில்லை. எண்ணெயைக் குறைத்தால் ஒட்டியது, கூட்டினால் பூரியின் சாயல் வந்தது. பழகிய கைக்கு வேறுவிதமாக வரலாம்.

வீட்டில் காஸ் மட்டும்தான் என்றால், பாத்திரக்கடையிலோ சந்தையிலோ எடை போட்டு விற்கும் பழைய பாணிக் கல்லே போதும். அடியில் வளையம் இருந்தாலும் தீ அதற்குள் புகுந்துவிடும். அம்மாவின் கல் இன்றும் காஸ் மேல்தான் இருக்கிறது. இரண்டு அடுப்பும் இருந்தால் அடி சமமாகக் கடைந்த வார்ப்பிரும்பைப் பாருங்கள். நான் கடைக்கு ஓர் அடிக்கோலை எடுத்துப் போனேன். கல்லைக் கவிழ்த்து, அடிக்கோலை நிமிர்த்தி வைத்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தேன். முதல் இரண்டு கல்லில் கோலுக்கும் இரும்புக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது. மூன்றாவதில் தெரியவில்லை. அதுவரை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த கடைக்காரர், அடுத்து வந்தவருக்குக் கல் காட்டும்போது அடிக்கோலை ஒரு நிமிடம் இரவல் கேட்டார்.