மிரரா, ரெய்டு 5-ஆ? நாலு டிஸ்க்கை வைத்து ஒரு கணக்கு

வீட்டு ஃபைல் சர்வருக்காகத் தலா 4 டெராபைட் டிஸ்க் நாலு வாங்கியாயிற்று என்று வைத்துக்கொள்வோம். மாட்டிப் பார்த்தால் ஒவ்வொன்றும் 3.64 என்றுதான் காட்டும். யாரும் ஏமாற்றவில்லை. தயாரிப்பவருக்கு ஒரு டெராபைட் என்றால் ஒரு லட்சம் கோடி பைட். இயங்குதளங்களில் சில 1024-ஆல் பெருக்கிக்கொண்டே போய் டெபிபைட்டில் எண்ணிவிட்டு, பெயரை மட்டும் டெராபைட் என்றே போட்டுவிடும். குழப்பம் இங்கேயே ஆரம்பம். கீழே நான் டிஸ்க்கின் அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் கணக்கையே வைத்துக்கொள்கிறேன்.

ஒரு டிஸ்க் செத்தாலும் டேட்டா போகாதபடி பல டிஸ்க்கைச் சேர்த்துக் கட்டும் முறைகள்தான் ரெய்டு. இரண்டிரண்டாக மிரர் போட்டால், அதாவது ஒரே டேட்டாவை ஜோடியின் இரண்டு டிஸ்க்கிலும் எழுதினால், 8 டெராபைட் கையில் நிற்கும். ஒரு டிஸ்க் அளவு இடத்தை மட்டும் காப்புக்கு ஒதுக்கும் ரெய்டு 5 என்றால் 12. இரண்டு டிஸ்க் அளவை ஒதுக்கும் ரெய்டு 6 என்றால் மறுபடி 8.

12-ஐப் பார்த்ததும் மனசு அங்கே ஓடும். அந்தக் கூடுதல் இடம் எங்கிருந்து வருகிறது? ரெய்டு 5 முழு நகல் வைப்பதில்லை, பேரிட்டியை மட்டும் எழுதி வைக்கும். பேரிட்டி என்பது ஒற்றைப்படை, இரட்டைப்படைக் கணக்குதான். மூன்று டிஸ்க்கில் 1, 0, 1 என்று இருந்தால் கூட்டு இரட்டைப்படை, அதனால் நாலாவதில் 0 எழுதப்படும். நடு டிஸ்க் செத்துவிட்டால் மிச்சம் 1, 1, 0. இதன் கூட்டு ஏற்கெனவே இரட்டைப்படை, ஆகவே தொலைந்தது 0. அழகான வித்தைதான். ஆனால் புது டிஸ்க் போட்டு மீட்கும்போது மிச்ச மூன்றையும் முழுக்கப் படித்தாக வேண்டும். அது முடியும்வரை இன்னொன்று போனால் எல்லாம் போச்சு. மிரரில் ஜோடி டிஸ்க்கை மட்டும் நகலெடுத்தால் வேலை முடிந்தது.

பாதுகாப்பை மட்டும் பார்த்தால் ரெய்டு 6 ஒரு படி மேல். எந்த இரண்டு டிஸ்க் போனாலும் தாங்கும். மிரரில் ஒரே ஜோடியின் இரண்டும் போனால் கதை முடிந்தது. இருந்தும் என் ஓட்டு மிரருக்கே. பின்னால் இடம் போதவில்லை என்றால் இன்னொரு ஜோடியைச் சேர்த்துவிடலாம். பல டிஸ்க்கைச் சேர்த்து நிர்வகிக்கும் ஃபைல் சிஸ்டமான இசட்எஃப்எஸ்-ஸில் ரெய்டு 5-க்கு இணையான ரெய்டுஇசட்1-இல், ஒற்றை டிஸ்க் சேர்த்து அகலப்படுத்தும் வசதியே 2025-இல் வந்த, அதன் திறந்தமூல வடிவமான ஓப்பன்இசட்எஃப்எஸ் 2.3-இல்தான் கிடைத்தது.

இசட்எஃப்எஸ் பக்கம் போனால் இன்னும் இரண்டு சொற்கள் தெரிந்தாக வேண்டும். டிஸ்க்குகளின் ஒரு குழு விடெவ்; விடெவ்கள் சேர்ந்தது பூல். பாதுகாப்பு இருப்பது விடெவுக்குள்ளேதான், பூலுக்கென்று தனியாக எதுவும் கிடையாது. ஒரு விடெவ் போனால் பூல் முழுக்கப் போகும். நான் அடிபட்டது இங்கேதான். ஒற்றை டிஸ்க் பூலுக்கு ஜோடி சேர்க்க 'அட்டாச்' என்று தட்ட வேண்டியவன் 'ஆட்' என்று தட்டிவிட்டேன். அது புது டிஸ்க்கை ஜோடியாக்காமல் தனி விடெவாகச் சேர்த்துவிடும். எந்த எச்சரிக்கையும் வரவில்லை. இடம் இரட்டிப்பானதைப் பார்த்துச் சந்தோஷம் வேறு! மிரர் என்றால் இடம் கூடாதே என்று உறைத்தபோதுதான், இரண்டில் எது செத்தாலும் எல்லாம் காலி என்ற நிலைமையில் இருக்கிறேன் என்று புரிந்தது. டேட்டா வேறிடத்தில் இருந்ததால் பூலை அழித்துத் திரும்பக் கட்டினேன்.

ஸ்னாப்ஷாட் என்பது ஒரு நேரத்தில் டேட்டா இருந்த நிலையின் பதிவு. அதையும் பேக்கப்பையும் ஒன்றென்று நினைப்பவர்களும் உண்டு. தவறுதலாக ஒரு ஃபோல்டரை அழித்தால், மிரர் அதை இரண்டு டிஸ்க்கிலும் உடனே அழிக்கும். ஸ்னாப்ஷாட் இருந்தால் நேற்றைய நிலைக்குத் திரும்பலாம். ஆனால் அதுவும் அதே டிஸ்க்குகளில்தான் கிடக்கிறது. மின்னழுத்தம் எகிறி பெட்டியே கருகினால் சேர்ந்தே போகும்.

அதனால் படங்களும் ஆவணங்களும் 4 டெராபைட்டுக்குள் அடங்கும் என்றால், நாலையும் ஒரே பெட்டியில் மாட்டவே மாட்டேன். இரண்டு மிரருக்கு, ஒன்று வேறு வீட்டில் பேக்கப்பாக. நாலாவது, உறை பிரிக்காமல் அலமாரியில்.