பின் சீட்டைச் சுற்றி ஒளிந்திருக்கும் இடம்: எதில் எதை வைப்பது?

ஃபோர் வீல் டிரைவ் வண்டி வாங்கிய கையோடு பலர் போய் நிற்பது ரூஃப் கேரியர் கடையில்தான். சாமான் கூடினால் கூரைக்கு ஏற்றுவது வழக்கமாகிவிட்டது. ஏற்கெனவே உயரமான வண்டி இது. அதன் தலையில் இன்னும் 40 கிலோ ஏறினால் பக்கச் சரிவான பாதையில் கவிழும் ஆபத்து கூடுகிறது, நெடுஞ்சாலையில் காற்றை எதிர்த்து டீசலும் கூடுதலாகச் செலவாகிறது. அந்த 40 கிலோவில் பெரும்பகுதியைப் பின் சீட்டுக்கு அடியிலும், அதன் முதுகுப் பக்கத்திலும், சக்கர மேட்டை (பின் சக்கரத்துக்கு மேல் உள்ளே புடைத்த பகுதியை) ஒட்டிய பக்கச் சுவர்களிலும், டிக்கித் தரையிலுமே அடக்கிவிடலாம்.

இந்த நான்கையும் லிட்டர் கணக்கில் ஒப்பிடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: வண்டி சேற்றில் புதைந்து, ஒரு பக்கம் சாய்ந்து, இருட்டியும் விட்ட நேரத்தில் அந்தப் பொருள் கைக்கு எட்டுமா?

யோசனை புதிதல்ல. இரண்டாம் உலகப் போர்க்கால வில்லிஸ் ஜீப்பிலேயே பின் சக்கர மேடுகளை ஒட்டி, இரு பக்கமும் மூடி போட்ட கருவிப் பெட்டிகள் இருந்தன. மூடியைத் தூக்கினால் ஸ்பேனர் கையில். இன்றைய வண்டிகளில் அதே மூலைகளைப் பிளாஸ்டிக் பேனல் மறைத்திருக்கிறது. பேனலுக்குப் பின்னால் இடம் இன்னும் இருக்கிறது, ஆனால் பழைய ஜீப்பில் இல்லாத பலவும் அங்கே குடியேறிவிட்டன.

சீட்டுக்கு அடியில்

நான்கில் என் முதல் ஓட்டு இதற்குத்தான். எடை தாழ்வாக இருக்கிறது, பின் அச்சுக்கு முன்னால் விழுகிறது. அதைவிட முக்கியம், பக்கக் கதவைத் திறந்தே எடுக்கலாம். மஹிந்திரா தார், மாருதி ஜிம்னி, ஃபோர்ஸ் கூர்கா மூன்றிலும் ஸ்பேர் டயர் பின்கதவில் தொங்குகிறது. கதவு பக்கவாட்டில் திறக்கிறது. வண்டியின் பின்புறம் மண்மேட்டில் முட்டி நின்றால் அந்தக் கதவு திறக்காது. இழுத்து மீட்க வேண்டிய ஸ்ட்ராப் டிக்கியில் கிடந்தால் அது இருந்தும் இல்லாத கணக்கு. ஆகவே ஸ்ட்ராப், அதை வண்டியில் மாட்டும் ஷேக்கிள் வளையங்கள், கையுறை, டயர் காற்றை இறக்கும் கருவி எல்லாம் பின் சீட்டுக்கு அடியில், தட்டையான பையில் இருக்கட்டும். மூன்று கதவுத் தாரில் முன் சீட்டைச் சாய்த்துத்தான் பின்னால் கை நீட்ட வேண்டும். அங்கே பையின் கைப்பிடி முன்பக்கம் பார்த்திருக்க வேண்டும்.

குறைகளும் உண்டு. பூட்டாத பொருள் இறக்கத்தில் முன்னால் உருளும். முன் சீட்டைத் தாண்டி வந்த ஒரு தண்ணீர் பாட்டில் பிரேக் பெடலுக்கு அடியில் மாட்டினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. பாட்டிலையும் வட்டமான டப்பாக்களையும் இங்கே வைக்கவே கூடாது. அடுத்து, டொயோட்டா ஃபார்ச்சூனர் போல இரண்டாம் வரிசையை முன்னோக்கிக் கவிழ்க்கும் வண்டிகளில் சீட்டின் கால் தரையிலுள்ள கொக்கியில் போய்ப் பூட்டும். பையின் ஒரு ஓரம் அங்கே நுழைந்தாலும் பூட்டு முழுதாக விழாது. விழாத சீட்டு விபத்தில் ஆளோடு பெயர்ந்துவிடும். பையை வைத்த பிறகு சீட்டை ஒருமுறை பலமாக ஆட்டிப் பார்ப்பது கட்டாயம்.

தார்க்காரர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. மூன்று கதவுத் தாரின் தரையை நீர் ஊற்றிக் கழுவலாம், வடிகால் அடைப்பான்களும் இருக்கின்றன. பெட்டி வைப்பவர்கள் அவற்றை மறைக்காமல், ரப்பர் கால் வைத்துச் சற்று உயர்த்தி வையுங்கள். இல்லையென்றால் ஓடையைக் கடந்த ஈரம் பெட்டிக்கு அடியிலேயே தங்கித் துருவாக மாறும்.

பக்கச் சுவரின் குழி

ஆர்வலர்களுக்கு மிகவும் பிடித்தது இது. நான் மிகவும் தயங்குவதும் இதில்தான். பேனலைக் கழற்றினால் சக்கர மேட்டுக்குப் பின்னால் ஒரு வாளி அளவு வெற்றிடம் தெரியும். மூடி வெட்டிப் பொருத்தினால் யாருக்கும் தெரியாத பெட்டகம் கிடைத்துவிடும் என்று தோன்றும். ஆனால் அந்த வெற்றிடத்தைச் சுற்றிலும் சீட் பெல்ட் சுருளி, வயர் கட்டுகள், சில வண்டிகளில் பின் ஏசி குழாய், ஒரு பக்கம் டீசல் ஊற்றும் குழாய் எல்லாம் ஓடுகின்றன. கர்ட்டன் ஏர்பேக் (விபத்தில் பக்க ஜன்னல்மேல் திரைபோல் விரியும் காற்றுப்பை) உள்ள வண்டியில் மேல் ஓரம் அறவே தொடக்கூடாத இடம்.

பலருக்குத் தெரியாத இன்னொன்றும் அங்கே உண்டு: கேபின் காற்று வெளியேறும் மடல். பின் பம்பருக்குப் பின்னால், உடலின் மூலையில் இருக்கும். பழைய துணியையும் தார்ப்பாயையும் திணித்து அதை அடைத்துவிட்டால் கதவுகளை ஓங்கி அடித்தால்தான் மூடும், மழைக்காலத்தில் கண்ணாடி சீக்கிரம் பனிக்கும். காரணம் எங்கே என்று தெரியாமல் கதவு ரப்பரை மாற்றிக்கொண்டிருப்போம்.

எனவே இந்தக் குழிக்கு மெத்தென்ற, எடையற்ற, அவசரமில்லாத பொருட்கள் மட்டும்: மழைக்கோட்டு, மெல்லிய தார்ப்பாய், பஞ்சர் ஒட்டும் பொருட்கள். அதுவும் ஒரு துணிப்பையில், குழியின் பாதியளவுக்குத்தான். பவர் பேங்க், ஜம்ப் ஸ்டார்ட்டர், கேஸ் கேன், ஸ்பிரே டப்பா எதுவும் வேண்டாம். வெயிலில் நிற்கும் வண்டியின் வெளித்தகடு எவ்வளவு சுடும் என்பதைக் கை வைத்துப் பார்த்தாலே புரியும். பேனலுக்குப் பின்னால் அந்தத் தகட்டுக்கு மிக அருகில்தான் பொருள் கிடக்கிறது. வெட்டி மூடி போடுவதைவிட, தொழிற்சாலையிலேயே மூடியோடு வந்த இடத்தை மட்டும் பயன்படுத்துவதே நல்லது.

சீட்டின் முதுகு

சுருக்கமாகச் சொல்லலாம். வரிசையாகப் பட்டி தைத்த துணிப் பேனலைச் சீட்டின் பின்புறம் கட்டி, அதில் சிறு பைகளைக் கோப்பது மலிவான, எந்த நேரமும் கழற்றக்கூடிய வழி. டார்ச், டேப், ஃபியூஸ், வயர் போன்றவற்றுக்கு இதைவிட வசதி இல்லை. குழந்தை இருக்கையின் மேல்பட்டி மாட்டும் வளையம் பல வண்டிகளில் இதே முதுகில்தான் இருக்கிறது. அதை மறைக்காதீர்கள். கனமான எதுவும் இங்கே வேண்டாம். 10 கிலோ பெட்டி ஒன்று 50 கிலோமீட்டர் வேகத்தில் சுமக்கும் ஆற்றல், ஏறத்தாழ 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்றாம் மாடியிலிருந்து, விழுவதற்குச் சமம். அதற்கு முன்னால் உட்கார்ந்திருப்பது நம் வீட்டு ஆட்கள்.

டிக்கித் தரையும் டிராயரும்

டிக்கித் தரைமேல் பொருத்தும் இழுப்பறைப் பெட்டியைத்தான் டிராயர் என்கிறேன். ஆஸ்திரேலியாவில் இது தனித் தொழிலாகவே வளர்ந்திருக்கிறது. இங்கேயும் தச்சர்கள் அழகாகச் செய்து தருகிறார்கள். ஆனால் எடையைக் கணக்குப் போடாமல் இறங்கக்கூடாது. 18 மி.மீ. பிளைவுட் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 12 கிலோ. 90 செ.மீ. அகலம், 80 செ.மீ. ஆழம், 25 செ.மீ. உயரத்தில் இரண்டு டிராயர் கொண்ட பெட்டிக்கு மூன்றரைச் சதுர மீட்டருக்கு மேல் பலகை போகும். டிராயர் ஓடும் ஸ்லைடு சட்டங்களைச் சேர்க்காமலேயே 45 கிலோ. அதையே 12 மி.மீ. பலகையில் செய்தால் 30 கிலோவுக்குள் முடியும்.

ஐந்து கதவு ஜிம்னியை எடுத்துக்கொள்வோம். வண்டியின் எடை 1,200 கிலோ சொச்சம், அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 1,545 கிலோ. எழுபது கிலோ ஆட்கள் நான்கு பேர் ஏறினால் மீதம் 60 கிலோ போல. டிராயர் அதில் 45 கிலோவைத் தின்றுவிட்டால் சாமான் வைக்க என்ன இருக்கிறது? சீட்டை நிமிர்த்தியபடி அதன் டிக்கி 208 லிட்டர்தான். மரப்பெட்டியை உள்ளே தள்ளினால் அதுவும் குறையும். ஜிம்னிக்கு டிராயர் வேண்டாம் என்பேன். இரண்டு பேர் மட்டுமே போகிறவர்கள் என்றால் பின் சீட்டை மடக்கிவிட்டு, வார் கட்டிய இரண்டு பிளாஸ்டிக் பெட்டிகளே போதும்.

ஏழு இருக்கை வண்டிகளில் கதை வேறு. ஃபார்ச்சூனரின் மூன்றாம் வரிசை இரண்டாகப் பிரிந்து பக்கவாட்டில் தூக்கி மாட்டப்படுகிறது. தரை தாழ்வாக, காலியாகக் கிடைக்கிறது. ஆனால் பக்கவாட்டு இடமும் பக்க ஜன்னல் வழிப் பார்வையும் போய்விடுகின்றன. தூக்கிய சீட்டுகளுக்கு அடியில் கிடைக்கும் மூலைகள் இருபுறமும் வீணாகக் கிடக்கும். ஜாக்கியும் கம்ப்ரசரும் வைக்க நல்ல இடம் அது. மறைமலை நகரில் தயாரான ஃபோர்டு எண்டவரில் மூன்றாம் வரிசை தரையோடு படிந்துவிடும். பக்கங்கள் தாராளம், ஆனால் தரை மட்டம் உயர்ந்து, அதன்மேல் டிராயர் வைத்தால் கூரைக்கும் பெட்டிக்கும் இடையே சாமான் அடுக்க உயரம் குறைகிறது. படுத்துத் தூங்குகிறவர்களுக்கு எண்டவர், கருவி சுமப்பவர்களுக்கு ஃபார்ச்சூனர் என்பது என் தீர்ப்பு. ஃபோர்டு 2021-இல் இந்தியத் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்த பிறகும் எண்டவரைத் தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள் என்றால், அந்தச் சமதளத் தரையும் ஒரு காரணம்.

மூன்றாம் வரிசையை அறவே கழற்றிவிட்டால் எல்லாம் தீரும் என்று சொல்பவர்கள் உண்டு. ஆர்.சி.யில் 7 இருக்கை என்று இருக்கும்போது இரண்டை நிரந்தரமாக எடுப்பது சட்டச் சிக்கலில் கொண்டுபோய்விடும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் வகுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. இன்சூரன்ஸ் கோரும்போதும் கேள்வி வரும். எதைச் செய்தாலும், பழைய நிலைக்குத் திருப்பக்கூடியதாக இருக்க வேண்டும்.

டிராயரைப் பொருத்தத் தரையில் புதிதாகத் துளை போடாதீர்கள். கீழே டீசல் டேங்கும் பிரேக் குழாயும் எங்கே ஓடுகின்றன என்பது மேலிருந்து தெரியாது. ஏற்கெனவே உள்ள சாமான் கட்டும் வளையங்களில் டர்ன்பக்கிள் (திருகி இறுக்கும் கொக்கி) போட்டு இறுக்கினாலே பெட்டி அசையாது.

இவை எதிலும் வைக்கக்கூடாத இரண்டு உண்டு: தீயணைப்பானும் முதலுதவிப் பெட்டியும். தீயணைப்பான் ஓட்டுநர் உட்கார்ந்தபடியே எட்டும் தூரத்தில், மறைக்காமல் இருக்க வேண்டும். மற்றவை எந்த மூலையில் இருக்கின்றன என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, சன் வைசரில் செருகி வையுங்கள். காயம்பட்டது ஓட்டுநராக இருந்தால் தேடப் போவது வேறொருவர்.