பழவேற்காட்டுப் பள்ளிச் சுவரும் நான்கு நாள் ஓவியப் பட்டறையும்: ஒரு பெயின்டரின் மதிப்பீடு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு ஓவியம் தெரியாது, சுவர் தெரியும். இருபத்திரண்டு வருடமாக வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கிறேன். மகள் ஏழாவது படிக்கும் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் இருப்பதால், சென்னையிலிருந்து ஒரு குழு வந்து நடத்திய சுவரோவியப் பட்டறையில் நான்கு நாளும் கூடவே இருந்தேன். ஊர் வரலாறும் ஏரி உயிரினங்களும்தான் கரு. பிள்ளைகள் முப்பத்தாறு பேர். சுவர் நாற்பதடிக்கு ஏழடி. பெயின்ட், பிரஷ் எல்லாம் சேர்த்து 28,000 ரூபாய்; பழைய மாணவர்கள் வசூல் செய்து கொடுத்த காசு. பக்கத்துப் பள்ளிக்காரர்கள் "கூப்பிடலாமா?" என்று கேட்கிறார்கள், அதனால் எழுதுகிறேன்.

முதல் நாள் ஊர் சுற்றல். கொடுத்த காசில் பாதிக்கு இந்த ஒரு நாளே ஈடாகிவிட்டது. டச்சுக்காரர்கள் 1613-ல் கட்டிய கெல்டிரியா கோட்டை இருந்த இடத்தில் இப்போது முள்ளும் புதரும்தான், பிள்ளைகள் அங்கே நிற்கவே இல்லை. டச்சுக் கல்லறைத் தோட்டத்துக்கு வந்ததும்தான் நகர மாட்டோம் என்றார்கள். வாசலில் எலும்புக்கூடு செதுக்கியிருக்கிறதே, அதைக் காட்டி "அந்தப் பக்கம் போகாதே" என்று நாம் பயமுறுத்தி வளர்த்த பிள்ளைகள். கிட்டே போனதும் விலா எலும்பை எண்ண ஆரம்பித்துவிட்டார்கள்! குழுவில் ஒரு தம்பி, கல்லெழுத்தின் மேல் தாளை வைத்துக் கரியால் தேய்த்து எடுக்கலாம் என்றார். காவலாளி விடவில்லை. தொல்லியல் துறை பாதுகாக்கும் இடம், வருவதற்கு முன்பே விசாரித்திருக்க வேண்டாமா? ஒரு மணி நேரம் வீண். அப்புறம் தரையில் உட்கார்ந்து பார்த்து வரையச் சொன்னார்கள். அது நன்றாகவே வந்தது.

இரண்டாம் நாள் ஒரு சண்டை. குழு பூநாரைக்கு ஸ்டென்சில் வெட்டிக் கொண்டுவந்திருந்தது, கூடவே பஞ்சுமிட்டாய் ரோஸில் ஒரு வாளி. ஆறாவது படிக்கும் பையன் ஒருவன், "அக்கா, இது எங்க ஏரி பறவை இல்ல" என்றான். தூரத்தில் நிற்கும்போது வெள்ளையாகத்தான் தெரியும், இறக்கையை விரித்தால்தான் உள்ளே சிவப்பும் கறுப்பும், குஞ்சு சாம்பல் நிறம் என்று அடுக்கிக்கொண்டே போனான். இன்னொரு பெண் எழுந்து, அது இரை தேடும்போது தலையைக் கவிழ்த்து அலகைத் தலைகீழாகத் தண்ணீரில் விடும் என்று தன் கழுத்தை வளைத்தே காட்டினாள். அந்தப் பயிற்சியாளர் அம்மாவைப் பாராட்டத்தான் வேண்டும். முகம் சுளிக்காமல் ஸ்டென்சிலைச் சுருட்டி வைத்துவிட்டு, "சரி, நீங்களே வரையுங்க" என்றார். தின்னும் இரையிலிருந்துதான் அந்தச் சிவப்பு சேருகிறது, அதனால்தான் குஞ்சுக்கு அது இல்லை என்று அவரும் விளக்கினார்.

வெள்ளைப் பறவை என்றதும் எனக்கு வேலை வந்தது. வெள்ளைச் சுவரில் வெள்ளைப் பறவை எப்படித் தெரியும்? பின்னால் ஏரி நிறம் போட வேண்டும். அவர்கள் வைத்திருந்தது பளிச்சென்ற நீலம். நம் ஏரி என்றைக்கு அப்படி இருந்தது? வெள்ளையில் கொஞ்சம் கறுப்பு, மஞ்சள் ஸ்டெய்னர், பச்சை ஒரு சொட்டு விட்டுக் கலக்கினேன். "இதான் மாமா, சேத்துத் தண்ணி!" என்று கத்தினார்கள். எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அது.

எனக்குப் பிடித்த படம் ஓரத்தில் இருக்கிறது. ஒரு பையன் அப்பாவின் படகைக் கரையில் ஏற்றி வைத்து, அப்பாவை வலை பிரிக்கவிட்டு வரைந்திருக்கிறான். ஏன் படகு தண்ணீரில் இல்லை என்று கேட்டார்கள். "இன்னைக்கு எங்க பாடு இல்லையே" என்றான். முறை வைத்து ஏரியில் இறங்குகிற ஊர் என்பதைச் சென்னைக்காரர்களுக்கு அந்தப் படம்தான் சொல்லிக்கொடுத்தது.

இனி குறைகள். நடத்தியது ஆகஸ்டில். பூநாரைக் கூட்டம் சேருவது மழைக்கு அப்புறம். தை மாதம் வந்திருந்தால் பிள்ளைகள் நேரில் பார்த்தே வரைந்திருக்கலாம். பெரிய குறை சுவர். உப்புக்காற்று ஊர், அடிச்சுவர் இரண்டடிக்கு ஈரம் ஏறி உப்பு பூக்கும். அதைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டு, காயவிட்டு, வெளிச்சுவர் பிரைமர் அடித்த பிறகுதான் நிறத்தைத் தொட வேண்டும். இவர்கள் கொண்டுவந்ததோ உள்சுவர் எமல்ஷன், அதையும் பழைய சுண்ணாம்பின் மேலேயே பூசினார்கள். சொன்னேன், "நேரம் இல்லண்ணா" என்றார்கள். நான் இன்னும் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும், என் தப்பும் உண்டு. கார்த்திகை மழையில் அடிப்பக்கம் கொப்பளித்து உரிந்துவிட்டது. மூன்று முறை போன் செய்தேன், மூன்று முறையும் "வர்றோம்ணா".

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். கூப்பிடுங்கள், ஆனால் சுவரை உங்கள் ஊர் பெயின்டரை வைத்து ஒரு மாதம் முன்பே தயார் செய்துவிடுங்கள். ஸ்டென்சில் வேண்டாம் என்று பேசும்போதே சொல்லிவிடுங்கள்.

உரிந்த இடத்தில் இருந்ததெல்லாம் பூநாரைகளின் கால்கள். போன வாரம் நான் அதன் முன் தலையில் கை வைத்து நின்றபோது, ஸ்டென்சிலை மறுத்த அதே பையன் சைக்கிளை நிறுத்தி, "மழை மாமா, ஏரியில தண்ணி ஏறியிருக்கு, கால் உள்ள இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனான். மாசியில் சுவர் காய்ந்ததும் நானே கால் போடுவதாக இருக்கிறேன்.