கோயில் காணியில் வீடு: எழுதிக் கொடுப்பதா, குத்தகைக்கு விடுவதா?

திருகோணமலை நகரை ஒட்டிய எங்கள் கோயிலின் பரிபாலன சபை, வெறுமையாய்க் கிடந்த தென்னங்காணியில் வீடில்லாத பன்னிரண்டு குடும்பங்களைக் குடியமர்த்த ஆறு ஆண்டுகளுக்கு முன் தீர்மானித்தது. கொடுக்கலாமா என்பதில் அதிக வாதம் எழவில்லை. எப்படிக் கொடுப்பது என்பதே கூட்டங்களை இழுத்தடித்தது. அன்று செயலாளராக இருந்த நான் குத்தகையின் பக்கம் நின்றேன்; இன்றும் அங்கேதான் நிற்கிறேன்.

கோயிலே வீடு கட்டி வாடகைக்கு விடும் யோசனை ஒரே கூட்டத்தில் முடிந்துபோனது. ஓடு மாற்றவும் மலக்குழி இறைக்கவும் சபைக்கு ஆளில்லை. எஞ்சியவை இரண்டு: நன்கொடை உறுதி (காணிப் பத்திரம்) முடித்து முற்றாகக் கொடுப்பது, அல்லது மண்ணைக் கோயில் வைத்துக்கொண்டு 30 ஆண்டுக் குத்தகைக்கு விடுவது.

உறுதி கையில் இருந்தால் வங்கி கடன் தரும் என்பதை மறுக்க முடியாது. எங்கள் குத்தகைக்காரரில் எவருக்கும் வங்கியில் வீட்டுக் கடன் கிடைக்கவில்லை. அரசின் வறுமை ஒழிப்புத் திட்டமான சமுர்த்தியின் கடனிலும் சீட்டுப் பணத்திலும் அறை அறையாகவே கட்டினார்கள். இரண்டு வீடுகள் இன்னும் பூச்சு இல்லாமல் நிற்கின்றன.

ஆனால் என் முடிவைத் தீர்மானித்தது கைமாற்றம். 2004 ஆழிப்பேரலைக்குப் பின், வடக்கு, கிழக்குக் கரையோரங்களில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் மீளக் கட்டக்கூடாது என்று அரசு அறிவித்து, மக்கள் காணி தேடி அலைந்த நாட்களில், அன்றைய சபை ஆறு துண்டுகளை எழுதிக் கொடுத்தது. பெற்றவர்கள் மீது குறை சொல்ல முடியாது. ஒருவர் மகளின் சீதனத்துக்காகவும் மற்றொருவர் மகனை வெளிநாட்டுக்கு அனுப்பவும் விற்றார்கள். உல்லாசப் பயணத்தால் கரையோரக் காணியின் விலை ஏறிய பின் எந்த ஏழை விற்காமல் இருப்பான்? இன்று ஆறில் நான்கு கைமாறிவிட்டன. இரண்டை இணைத்து ஒரு விடுதி எழுந்திருக்கிறது. தேர்த் திருவிழாவன்று மின்சாரம் நின்றபோது, அதன் ஜெனரேட்டர் இரைச்சல் ஓதுவாரின் தேவாரத்தை அமுக்கியது.

குத்தகையில் இதற்கு வழியில்லை. பிள்ளைகளுக்கு உரித்துப் போகும். வெளியேறுகிறவர் கட்டடத்தின் மதிப்பை மட்டும் பெற்று, பட்டியலில் அடுத்து நிற்கும் குடும்பத்துக்கு மாற்ற வேண்டும். இதுவரை ஒரு வீடுதான் மாறியது. கல்லையும் கதவையும் எண்ணி மதிப்பிட்டதில் சச்சரவு வரவில்லை. அவர்கள் நட்டு வளர்த்த கறுத்தக் கொழும்பான் மாமரத்துக்கு விலை உண்டா என்பதில் மட்டும் இரண்டு மாதம் கழிந்தது. (கொடுத்தோம்.) பத்து ஆண்டு தொடர்ந்து குடியிருந்தால் சட்டப்படி காணி அவர்களுடையதாகிவிடும் என்று சபையில் பலர் அஞ்சினார்கள். கோயிலின் அனுமதியோடு குடியிருப்பவர் அப்படி உரிமை கோருவது எளிதன்று. ஆண்டுதோறும் சிறு நிலவாடகைக்கு வெட்டும் பற்றுச்சீட்டு அதற்குச் சான்றாக நிற்கும். அயலிலுள்ள முஸ்லிம் மக்களுக்கு இது புதிதன்று. வக்பு சொத்தை, அதாவது அறத்துக்கென ஒதுக்கிவைத்த சொத்தை, விற்காமல் அதன் பயனை மட்டும் அறத்துக்கு விடுவது அவர்களின் பழைய முறை.

ஆறு ஆண்டு அனுபவத்தை வைத்து முப்பது ஆண்டுக்குப் பேசுவது துணிச்சல்தான். போன மாதம் ஒரு தாய் கேட்டார்: “தம்பி, இருபத்தைஞ்சாம் வருஷம் கூரை பழுதானா, நாங்க மாத்துறதா, விடுறதா?” தவணை முடிவில் கட்டட மதிப்பைக் கோயில் தருவதாகவோ, இருபதாம் ஆண்டிலேயே குத்தகையைப் புதுப்பிப்பதாகவோ எங்கள் குத்தகை உறுதியில் ஒரு வரியும் இல்லை. அந்த வரியைச் சேர்க்கும் திருத்தத்தை, உறுதி எழுதும் சட்டத்தரணியான நொத்தாரிசு எழுதித் தந்திருக்கிறார். அடுத்த கூட்டத்தில் வைக்கிறோம்.