மரத் தண்டவாளமா, செல் ரயிலா, கரண்ட் ரயிலா: எந்த வயதில் எது?

ஈரோடு, திருப்பூர், கோவை என்று ரயில் பாதையை ஒட்டியே ஊர்கள் வளர்ந்த சீமை இது. இங்கே ஒரு பிள்ளைக்கு ரயில் பிடித்துப்போக யாரும் மெனக்கெட வேண்டியதில்லை. எதை வாங்கித் தருவது என்பதில்தான் பெற்றோர் தடுமாறுகிறார்கள். கிடைப்பவை நான்கு வகை: கையால் தள்ளும் மர ரயில், செல் போட்டு ஓடும் பிளாஸ்டிக் ரயில், தண்டவாளத்திலேயே கரண்ட் ஓடும் எச்.ஓ. (HO) அளவு ரயில், அதைவிடச் சிறிய ‘என்’ (N) அளவு ரயில்.

இவற்றை ஒப்பிட நாங்கள் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான்: தண்டவாளத்தைப் போடுவது யார்? பிள்ளையே போட்டு, கலைத்து, மறுபடி வேறு மாதிரி போட முடிந்தால் அது அந்த வயதுக்கான ரயில். அப்பா போட்டுக் கொடுத்து, பிள்ளை கை கட்டி வேடிக்கை பார்க்க வேண்டியிருந்தால், எத்தனை விலை கொடுத்து வாங்கியதும் சீக்கிரம் பரணுக்குப் போய்விடும். வயதையும் விலையையும் இதற்கு அப்புறம் பார்த்தால் போதும்.

இரண்டு வயது முதல் ஐந்து வரை மரத் தண்டவாளத்துக்கு இணை கிடையாது. ஸ்வீடனின் பிரியோ 1958இல் கொண்டுவந்த அமைப்பை ஒட்டித்தான் இன்றும் பல கம்பெனிகள் செய்கின்றன. ஒன்றின் துண்டு இன்னொன்றோடு பெரும்பாலும் சேரும். ஒரு முனையில் முளை, மறுமுனையில் குழி. எட்டு பெரிய வளைவுகள் சேர்ந்தால் ஒரு முழு வட்டம். மூட்டுகளில் கொஞ்சம் ஆட்டம் வைத்தே செய்திருப்பதால், பிள்ளை கோணம் தவறிப் போட்டாலும் பாதை எப்படியாவது வந்து சேர்ந்துவிடும். இந்த மன்னிக்கும் குணம் கரண்ட் தண்டவாளத்துக்குக் கிடையாது.

தொடக்கத்துக்கு எட்டு வளைவு, எட்டு நேர்த்துண்டு, இரண்டு பிரிபாதை, ஒரு எஞ்சின், மூன்று பெட்டி போதும். இதோடு கட்டாயம் வாங்க வேண்டியது, பெட்டிக்குள் பெரும்பாலும் வராத ஒன்று: இரு முனையிலும் முளை உள்ள சிறு துண்டு ஒன்று, இரு முனையிலும் குழி உள்ள துண்டு ஒன்று. பிரிபாதை போட்டுப் பாதையைத் திருப்பிக் கொண்டுவரும்போது முளையும் முளையும் நேருக்கு நேர் வந்து நிற்கும். அந்த இடத்தில் இந்தத் துண்டு இல்லையென்றால் பிள்ளை அழும்.

பெட்டிகளைக் கோப்பது காந்தம். மலிவான செட்டுகளில் காந்தம் அசையாமல் பொருத்தியிருக்கும்; பெட்டியைத் திருப்பி வைத்தால் ஒட்டாமல் தள்ளும். "அப்பிச்சி, இது ஏனுங்க ஒட்டவே மாட்டேங்குது?" என்று கேட்டால் காரணத்தை உடனே சொல்லிவிடாதீர்கள். "திருப்பி வெச்சுப் பாரு கண்ணு" என்பது போதும். காந்தம் தளர்ந்து கழன்றிருந்தால் மட்டும் அந்தப் பெட்டியை அன்றைக்கே எடுத்துவிட வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட காந்தத்தைப் பிள்ளை விழுங்கிவிட்டால் அவை குடலுக்குள் ஒன்றையொன்று இழுத்துச் சதையை நெரிக்கும், உயிருக்கே ஆபத்து.

டைல்ஸ் தரையில் மரத் துண்டுகள் வழுக்கி விலகும். பவானி ஜமக்காளத்தை இழுத்து விரித்து அதன்மேல் போட்டால் துணியின் பிடிப்பில் பாதை அப்படியே நிற்கும்.

செலவைக் குறைக்க ஒரு வழி இருக்கிறது. நேர்த்துண்டுகளை ஆசாரியிடம் சொல்லிச் செய்துகொள்ளலாம். அகலம் 40 மி.மீ., கனம் 12 மி.மீ.; சக்கரம் ஓட 6 மி.மீ. அகலம், 3 மி.மீ. ஆழத்தில் இரண்டு பள்ளம்; இரண்டின் உள்விளிம்புகளுக்கும் நடுவே 20 மி.மீ. ரௌட்டர் மெஷின் இருக்கும் பட்டறையில் தேக்குத் துண்டுகளில் இதை இழுத்துவிடுவார்கள். கடையில் வாங்கிய துண்டு ஒன்றை மாதிரிக்குக் கையில் கொடுத்துவிடுங்கள். முளையின் அளவு பெருத்துவிட்டால் குழிக்குள் இறங்காது. வளைவையும் பிரிபாதையையும் கடையிலேயே வாங்குவது நல்லது, அவற்றைக் கையால் ஒரே அளவாகச் செய்வது சிரமம். உப்புத்தாள் போட்டு விளிம்புகளை மழுக்கிவிட்டு, பெயின்ட், வார்னிஷ் எதுவும் இல்லாமல் விடுங்கள். வாயில் வைக்கும் வயது.

அடுத்தது செல் ரயில். இதில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று, தேர்த்திருவிழாக் கடையிலிருந்து சூப்பர் மார்க்கெட் வரை கிடைக்கும் மெல்லிய பிளாஸ்டிக் வட்டம். வட்டத்தைத் தவிர வேறு எதுவும் போட முடியாது. கொக்கிகள் நாலு தடவை கழற்றி மாட்டினால் உடையும், தனித்துண்டு கடையில் கிடைக்காது. எங்கள் அளவுகோலில் இது தோற்றுவிடுகிறது, வாங்க வேண்டாம். இன்னொன்று, ஜப்பானின் டோமி 1959 முதல் செய்துவரும் பிளாரயில் மாதிரியானது. நீலத் தண்டவாளம், அதிலும் எட்டு வளைவுக்கு ஒரு வட்டம், பாலம், பிரிபாதை எல்லாம் தனித்தனியாகக் கிடைக்கும். நான்கு வயதுப் பிள்ளை தானே போட்டுக்கொள்ளும்.

மரத்தோடு ஒப்பிட்டால் இதன் பலம், ரயில் தானாக ஓடும்; பாதை மாற்றுவது, நிறுத்துவது, வழியை அடைப்பது என்று பிள்ளை ஸ்டேஷன் மாஸ்டர் வேலை பார்க்கலாம். பலவீனம், கை படாமல் ஓடுவதால் மூன்று வயதுக்குக் கீழே உள்ளவர்கள் ஓடும் ரயிலைப் பிடித்து அமுக்குவார்கள். மோட்டார் நின்றுவிடும், பல்சக்கரம் கறகறவென்று வழுக்கும், கடைசியில் பல் தேயும். அச்சில் முடி சுற்றிக்கொள்வதும் அடிக்கடி நடப்பது. ரயில் மெதுவானால் செல்லை மாற்றுவதற்கு முன் எஞ்சினைக் கவிழ்த்துச் சக்கரத்தைப் பாருங்கள். சின்ன ஊசியால் முடியை அறுத்து எடுத்தால் பழையபடி ஓடும்.

செல்லில் சாதாரணப் பென்சில் செல் வேண்டாம். தீர்ந்தபின் உள்ளேயே கிடந்தால் கசிந்து தகட்டை அரித்துவிடும். சார்ஜ் செய்யும் செல் 1.2 வோல்ட் என்பதால் 1.5 வோல்ட் செல்லைவிட ரயில் கொஞ்சம் நிதானமாக ஓடும். வளைவில் கவிழாது என்பதால் சிறுபிள்ளைக்கு அதுவே நல்லது. செல் மூடி திருகாணி போட்டதாக இருக்க வேண்டும். சத்தம் எழுப்பும் ரயில்களில் பட்டன் செல் இருக்கும். அதன் மூடியில் திருகாணி இல்லையென்றால் கடையிலேயே வைத்துவிட்டு வாருங்கள். 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம்: கரண்ட் இல்லாதவற்றுக்கு ஐ.எஸ். 9873, செல்லிலோ மின்சாரத்திலோ ஓடுபவற்றுக்கு ஐ.எஸ். 15644. பெட்டியில் இந்த எண்ணைத் தேடுங்கள்.

இரண்டில் ஒன்றைத்தான் வாங்க முடியும் என்றால் மரத்தையே எடுங்கள். மரத் தண்டவாளத்தில் ஓடும் செல் எஞ்சின் தனியாகக் கிடைக்கிறது. நான்கு வயதில் அதை ஒன்று சேர்த்துவிட்டால் பழைய துண்டுகள் அத்தனையும் பயன்படும். நீளமான எஞ்சினாக மட்டும் இருக்கக் கூடாது. பாலத்தின் உச்சியில் வயிறு தட்டி, ஓட்டும் சக்கரம் அந்தரத்தில் சுற்றும்.

இனி, அப்பாக்கள் ஆசைப்படும் எச்.ஓ. இதில் ரயில் நிஜத்தில் 87இல் ஒரு பங்கு, தண்டவாளத்தின் இடைவெளி 16.5 மி.மீ. நம் அகலப் பாதை 1676 மி.மீ.; அதே கணக்கில் சுருக்கினால் 19 மி.மீ.க்கு மேல் வர வேண்டும். ஆனாலும் நம்மூர் எஞ்சின் மாதிரிகளும் இந்த 16.5 தண்டவாளத்தில்தான் ஓடுகின்றன, பிள்ளைக்கு அது ஒரு குறையே இல்லை.

வித்தியாசம் கரண்டில்தான். ஒரு தண்டவாளத்தில் பிளஸ், மறுதண்டவாளத்தில் மைனஸ். அதிகபட்சம் 12 வோல்ட் அளவு டி.சி. திசை மாற்றினால் பிளஸ் மைனஸ் மாறும், ரயில் பின்னால் வரும். மர ரயில் விளையாடிப் பழகிய பிள்ளை இங்கே முதலில் செய்யும் காரியம், பாதையை வளைத்துத் திருப்பி அதே பாதையில் கொண்டுவந்து சேர்ப்பது. மரத்தில் அது அழகான சுற்று. எச்.ஓ.வில் இடது தண்டவாளம் போய் வலது தண்டவாளத்தோடு ஒட்டும், நேராக ஷார்ட். வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கண்ட்ரோலர் தானே அணைந்துகொள்ளும், ரயில் அசையாது, பிள்ளைக்கும் காரணம் புரியாது. தரையில் போட்ட பாதைமேல் கழன்று விழுந்த கொலுசும் இதே வேலையைச் செய்யும். ஆறு வயதில் விளக்கினால் ஓரளவு புரியும், எட்டில் நன்றாகப் புரியும்.

வயது வந்துவிட்டதா என்று பார்க்க எளிய சோதனை: எட்டுச் சக்கரப் பெட்டி ஒன்றைப் பிள்ளை உதவியில்லாமல் தண்டவாளத்தில் ஏற்றட்டும். சக்கரத்தின் விளிம்பு ஒரு மி.மீ.கூட இல்லாததால், ஒரு சக்கரம் இறங்கியிருப்பது கண்ணுக்கே தெரியாது. விரலால் தடவி உணர வேண்டும். பொறுமையாக எட்டையும் ஏற்றிவிட்டால் வாங்கித் தரலாம்.

தரையில் போடவே கூடாது. மர ரயிலுக்குக் கைகொடுத்த ஜமக்காளம் இங்கே எமன், அதன் நூல் பல்சக்கரத்துக்குள் போய்ச் சுற்றும். 8க்கு 4 அடி பிளைவுட்டை 4க்கு 4 ஆக இரண்டாக அறுத்து, அடியில் ரீப்பர் கட்டையால் சட்டம் அடித்துக்கொண்டால் விளையாடிய பின் சுவரில் சாய்த்து வைக்கலாம். 18 அங்குல ஆர வளைவில் 12 துண்டுக்கு ஒரு வட்டம். வட்டம் மட்டுமே ஒரு மீட்டரை நெருங்கும் என்பதால் இதைவிடச் சிறிய பலகை உதவாது. உயரம் பிள்ளையின் வயிற்றளவு.

தண்டவாளம் எஃகா, நிக்கல் சில்வரா என்று கேட்டு வாங்குங்கள். பேக்மன் கம்பெனி செட்டில் கறுப்பு அடிப்பாகம் எஃகு, சாம்பல் நிறம் நிக்கல் சில்வர். எஃகு துருப்பிடிக்கும். ஆடிக் காற்றில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் புழுதி இரண்டிலும் படியும். ரயில் விட்டு விட்டு ஓடினால் முக்கால்வாசி காரணம் இதுதான். ஐசோபுரொபைல் ஆல்கஹால் நனைத்த பழைய வேட்டித் துணியால் துடைத்தால் போதும். திருப்பூர்ப் பக்கம் தாராளமாகக் கிடைக்கும் பனியன் வேஸ்ட் பஞ்சு உதிர்க்கும். உப்புத்தாளால் தேய்த்தால் விழும் கீறல்களில் அழுக்கு இன்னும் வேகமாகச் சேரும். எண்ணெய், பிளாஸ்டிக்கைக் கெடுக்காத மெல்லிய எண்ணெயாக, ஊசிமுனையில் ஒரு சொட்டு. தேங்காய் எண்ணெய் மார்கழிக் காலையில் உறைந்து பல்சக்கரத்தை இறுக்கிவிடும்.

பிள்ளைகள் கண்ட்ரோலரைக் கடைசிவரை திருப்புவார்கள், வளைவில் எஞ்சின் பறக்கும். குமிழில் பாதியளவுக்கு நகப்பூச்சால் ஒரு புள்ளி வைத்து, அதற்குமேல் போகக் கூடாது என்று சொல்லுங்கள். எஞ்சினுக்கு டிஜிட்டல் முறையில் கட்டளை போகும் டி.சி.சி. வகை என்றால் எஞ்சினில் சி.வி. 5 என்ற செட்டிங்கின் மதிப்பைக் குறைத்தால் உச்ச வேகமே இறங்கிவிடும். 230 வோல்ட் அடாப்டர் எப்போதும் பெரியவர் கையில்.

‘என்’ அளவு நிஜத்தில் 160இல் ஒரு பங்கு, இடைவெளி 9 மி.மீ. சின்ன ஃபிளாட்டுக்கு இடம் மிச்சமாகும். மேலே சொன்ன சோதனை இதில் இரட்டிப்புக் கடினம். பத்து வயதுக்கு முன் வேண்டாம்.

மேட்டுப்பாளையத்தில் மலை ரயிலைப் பார்த்துவிட்டு வந்த பிள்ளை மலை வேண்டும் என்று கேட்கும். எச்.ஓ. பலகையில் அது நடக்காது. ஒரு பாதைக்கு மேல் இன்னொன்று போக 75 மி.மீ. உயரம் வேண்டும்; நாற்பதுக்கு ஒன்று என்ற மிதமான ஏற்றத்தில் ஏற மூன்று மீட்டர், இறங்க மூன்று மீட்டர். 8க்கு 4 பலகையின் முழுச் சுற்றே ஆறு மீட்டருக்குள். நிஜ மலை ரயில் பன்னிரண்டுக்கு ஒன்று ஏறுவது நடுவில் இருக்கும் பல்தண்டவாளத்தால். மர ரயிலில் புத்தகங்களை அடுக்கினால் மலை தயார். எஞ்சினைப் பின்னால் வைத்துத் தள்ளச் சொல்லுங்கள், கல்லாற்றிலிருந்து குன்னூர் வரை நடப்பதும் அதுதான்.