கம்போடியா காட்டுக் கோயில் சைக்கிள் டூர்: 36,500 ரூபாய் போச்சு, நீங்களாவது உஷாராக இருங்கள்

ஊருக்கு வந்து பதினாறு நாள் ஆகிறது. இன்று காலை வந்த ஒரு மெசேஜைப் பார்த்ததும் அடங்கியிருந்த கோபம் மறுபடி தலைக்கேறிவிட்டது. அந்தச் சூட்டிலேயே எழுதுகிறேன், முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

விஷயம் இதுதான். கம்போடியாவில் காட்டுக்குள் இருக்கும், அந்நாட்டின் கெமர் மக்கள் கட்டிய பழைய கோயில்களைச் சைக்கிளில் போய்ப் பார்க்க ஆசைப்பட்டு, நானும் என் நண்பனும் 420 டாலரைத் தொலைத்துவிட்டோம். நம் காசில் 36,500 ரூபாய். கடையின் பெயரைப் போடவில்லை. போட்டால் வேறு வம்பு வரும், அதோடு நாளைக்கே பெயரை மாற்றிக்கொண்டு வந்து நிற்பார்கள். சுற்றுலா டூர்களை விற்கும் ஒரு பெரிய தளம், அதற்குள், அங்கோர் கோயில்களுக்குப் பக்கத்து ஊரான சியம் ரீப்பில் இருப்பதாகச் சொல்லிக்கொள்ளும் ஒரு சின்ன சைக்கிள் டூர் கடை. இவ்வளவு தெரிந்தால் போதும்.

ஏன் சைக்கிள், ஏன் காடு என்று வீட்டிலேயே கேட்டுவிட்டார்கள். அங்கோர் வாட்டை 2019ல் பார்த்துவிட்டேன். அப்போதே பந்தியாய் ஸ்ரேய்க்கும் போனேன். கி.பி. 967ல் எழுந்த சின்னக் கோயில், சிவந்த கல். அதன் முகப்பில் ஆடும் சிவனின் காலடியில் எலும்பும் தோலுமாக ஒரு பேயுருவம் உட்கார்ந்திருக்கும். நம் காரைக்கால் அம்மையார். இவ்வளவு தூரம் தள்ளி அவரைப் பார்த்ததும் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. கெமர் எழுத்தே பல்லவ எழுத்திலிருந்து வந்ததுதானே. அன்றைக்குப் பிடித்த பைத்தியம், கூட்டம் போகாத கோயில்களைப் பார்த்தே தீர வேண்டும் என்று.

அதில் பெரிய கனவு கம்போங் ஸ்வாயில் இருக்கும் ப்ரெயா கான் கோயில். அங்கோருக்குக் கிழக்கே சுமார் 100 கிலோமீட்டர். வெளிச்சுற்று ஒரு பக்கமே ஏறக்குறைய 5 கிலோமீட்டர் நீளம், ஆனால் போகிறவர்கள் மிகக் குறைவு. அங்கோரிலிருந்து பெங் மீலியா என்ற இன்னொரு கோயில் வழியாக அதற்கு ராஜபாட்டை ஒன்று போனது. இப்போது பாதிக்கு மேல் மணலும் மாட்டுவண்டித் தடமும்தான். ஆனால் கற்பாலங்கள் இன்னும் நிற்கின்றன. அந்தப் பாட்டையில் நான்கு நாள், கடைசி நாள் கோ கேர் என்ற இடத்துப் பிரமிடுக் கோயில் என்று அந்தக் கடையின் விளம்பரம் சொன்னது. நான் விழுந்தேன்.

நம்பிய நேரத்தைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நான் ஒன்றும் விவரம் தெரியாத ஆள் இல்லை. வேறு இரண்டு இடங்களில் விசாரித்தபோது இருவருக்கும் சேர்த்து 800, 900 டாலர் கேட்டார்கள். இந்தக் கடைக்காரர் தளத்தில் 470 போட்டிருந்தார். சாட்டில் பேச ஆரம்பித்த பத்தாவது நிமிடம் வாட்ஸப்புக்கு வரச் சொன்னார். வீடியோ கால் போட்டார். முதல் வார்த்தையே "வணக்கம்!" எனக்கு அங்கேயே பாதி கரைந்துவிட்டது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, கியர் ஒவ்வொன்றாக ஏறி இறங்குவதைக் கேமராவில் காட்டினார். டிக் டிக் என்று எண்ணெய் போட்ட சத்தம். பிரேக்கைப் பிடித்துச் சக்கரம் சட்டென்று நிற்பதையும் காட்டினார். புது மவுன்டன் பைக், தடித்த டயர், பின்னால் சாமான் ஏற்ற ஒரு வண்டி, ராத்திரிக்குக் கொசுவலையோடு தொட்டில் படுக்கை, எல்லாக் கோயிலுக்கும் டிக்கெட் அவர் பொறுப்பு. "தளத்துக்குக் கமிஷன் போகிறது, நேரடியாக அனுப்பினால் 420க்கு முடித்துத் தருகிறேன்" என்றார். 50 டாலர் மிச்சம் என்று நானே நண்பனுக்குப் பெருமையாகச் சொன்னேன். அவன் அப்போதே கேட்டான், "மாப்ள, வெளியில அனுப்பினா யாரைக் கேக்குறது?" நான்தான் அவன் வாயை அடைத்தேன். வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் ஆப் ஒன்றில் 36,500 ரூபாயையும் ஒரே தவணையில் அனுப்பிவிட்டேன். முழுசாக. ஒரே தவணையில்.

மார்ச் கடைசி வாரம். காலை ஐந்தரைக்கு விடுதி வாசலில் வந்து நின்றது வீடியோவில் பார்த்த ஆள் இல்லை. பத்தொன்பது, இருபது வயது இருக்கும் ஒரு பையன், ஒரு மோட்டார் சைக்கிள், பின்னால் இழுவண்டியில் இரண்டு சைக்கிள். வீடியோவில் பார்த்த சைக்கிளும் இல்லை. ஒன்றில் முன்னால் மார்க்கெட் கூடையே மாட்டியிருந்தது! பிரேக் கட்டை தேய்ந்து இரும்பு ரிம்மில் உரசுகிறது. நான் எடுத்த சைக்கிளின் பின்சக்கரம் கோட்டம், சுற்றும்போது பாம்பு மாதிரி நெளிகிறது. கேட்டால் "பாஸ், பாஸ்" என்று, அதாவது முதலாளியைக் கேளுங்கள் என்று, போனைக் காட்டுகிறான். பாஸ் போனில் வந்து, நல்ல சைக்கிள்கள் பெங் மீலியாவில் தயாராக நிற்கின்றன, அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்றார். சரி என்று கிளம்பிவிட்டோம். அங்கேயே திரும்பியிருக்க வேண்டும்.

பெங் மீலியாவில் முதல் அடி. டிக்கெட் என்று பையன் மடித்த கவரில் இரண்டு அட்டைகளைக் கொடுத்தான். சோதிக்கிற அம்மா அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி அட்டையைப் பார்த்தார். அட்டையில் இருந்தது கண்ணாடி போட்ட ஒரு வெள்ளைக்காரர். அங்கோர் நுழைவுச்சீட்டான அங்கோர் பாஸில் அதை வைத்திருப்பவரின் முகம் அச்சாகும், நம் படம் இல்லாமல் இன்னொருவர் வாங்கித் தரவே முடியாது. இது எனக்கு 2019லேயே தெரியும், என் பழைய பாஸ் வீட்டு அலமாரியில் இன்னும் இருக்கிறது. "டிக்கெட் எங்கள் பொறுப்பு" என்று அவர் சொன்னபோது அது ஏன் உறைக்கவில்லை என்று இன்றைக்கும் என்னை நானே திட்டிக்கொள்கிறேன். அந்த அம்மா நல்லவர், போலீசைக் கூப்பிடவில்லை. முறையாக ஆளுக்கு 37 டாலர் கட்டிப் புதிதாக எடுத்தோம். அது தனிச் செலவு, 36,500ல் சேராது.

கோயிலைப் பற்றி ஒரு வரியாவது எழுதாவிட்டால் பாவம். 12ம் நூற்றாண்டுக் கோயில், கூரை சரிந்து கற்கள் மலையாகக் குவிந்து கிடக்கின்றன, அவற்றின் மேல் மரத்தின் வேர்கள் வழிகின்றன. வாசலில் பல தலை நாகம் மட்டும் நேற்று செதுக்கினது போல நிற்கிறது. கண்ணிவெடி அகற்றிய இடம் என்று ஒரு பலகையும் உண்டு. பையன் எங்கள் இருவரையும் சைக்கிளோடு நிறுத்தி நாகத்துக்குப் பக்கத்தில் ஒரு படம் எடுத்தான். இரண்டு பேரும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றோம். புது சைக்கிள் அங்கே இல்லை, அது "நாளைக்கு வரும்".

மறுநாள் மணல். சாதாரண மணல் இல்லை, மாவு போல, டயர் நாலு விரல் ஆழம் புதையும். மணிக்கு ஐந்து கிலோமீட்டர் போனால் அதிகம். சில இடங்களில் ஓரமாக மண்டையோடு போட்ட சிவப்புப் பலகையைப் பார்த்திருந்ததால், ஒன்றுக்குப் போகக்கூட தடத்தை விட்டு இறங்கவில்லை. முன்பகலில் ஸ்பீன் தா ஓங் பாலம் வந்தது. 77 மீட்டர் நீளம், செம்பாறைக் கல். வளைவுக் கல் வைத்துக் கட்டும் முறை கெமர் தச்சர்களிடம் இல்லை, கல் மேல் கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்தள்ளி அடுக்கித்தான் இடைவெளியை மூடுவார்கள். அதனால் ஒவ்வொரு கண்ணும் குறுகல், பாலம் முழுக்க வரிசையாகத் தூண்கள். எண்ணூறு ஆண்டுக்கு மேல் வெள்ளத்தைத் தாங்கி நிற்கிறது. என் சைக்கிள் ஒன்றரை நாள் தாங்கவில்லை.

பாலத்தின் மேலேயே கடக் என்று ஒரு சத்தம். பின்னால் கியர் மாற்றும் இரும்பு சக்கரத்துக்குள் மாட்டி முறுக்கிக்கொண்டது, நான்கு ஸ்போக்ஸ் அறுந்தது, செயின் துண்டாகத் தொங்குகிறது. பையன் குந்தி உட்கார்ந்து பார்த்தான். போனில் பேசினான். ஒரு விரலைக் காட்டி "ஒன் அவர்" என்றான். மோட்டார் சைக்கிளை முறுக்கிக்கொண்டு போனான். பம்ப், ஸ்பேனர், எங்கள் தண்ணீர் கேன் எல்லாம் அவன் இழுவண்டியிலேயே போய்விட்டன. அப்போது மணி 10.40. பாலத்து நாகச் சிலையின் கழுத்து நிழலில் இரண்டு மணி வரை உட்கார்ந்திருந்தோம். அவன் வரவே இல்லை. இன்று வரை வரவில்லை.

கிழக்கே க்வாவ் கிராமம் ஏறக்குறைய 7 கிலோமீட்டர். மணலில் அந்த எமனைத் தள்ளிக்கொண்டு போனோம். பாதி வழியில் ஒரு விவசாயி கோயூனில் வந்தார். கோயூன் என்றால் இரண்டு சக்கர உழுவண்டி, பின்னால் பலகை கட்டிச் சாமான் ஏற்றுவார்கள், பெயருக்கு அர்த்தமே இயந்திர மாடுதான். எங்களையும் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டார். காசு நீட்டினால் வாங்க மாட்டேன் என்கிறார். கிராமத்துக் கடையில் ஒரு அக்கா ஐஸ் போட்டுக் கரும்புச் சாறு கொடுத்தார், தம்ளர் 2,000 ரியல், அதாவது அரை டாலர். குடித்து முடித்ததும் கேட்காமலே இன்னொரு பாதி ஊற்றினார். அன்று ராத்திரி அவர் வீட்டுப் பரணில் பாய். மறுநாள் ஒரு பிக்கப்பில் இடம் பிடித்து சியம் ரீப். ப்ரெயா கானும் பார்க்கவில்லை, கோ கேரும் பார்க்கவில்லை.

இனி நடந்ததுதான் எரிச்சல். பாஸ் முதலில் ரொம்ப வருத்தப்பட்டார். "திங்கட்கிழமை பணம் வரும்." திங்கள் போனது. அப்புறம் அவர் தலைநகர் புனோம் பென்னில் இருக்கிறார். அப்புறம் சைக்கிளை உடைத்தது நாங்கள்தான், அதற்கு 60 டாலர் கழிக்க வேண்டும். அப்புறம் நீல டிக் விழுகிறது, பதில் இல்லை. ஏப்ரல் 14 அன்று ஒரு பதில்: கெமர் புத்தாண்டு, வங்கி விடுமுறை, கொஞ்சம் பொறுங்கள். எங்களுக்கும் அன்றைக்குத்தானய்யா சித்திரை ஒன்று! வேப்பம்பூ ரசத்தை வைத்துக்கொண்டு போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

தளத்தில் முறையிட்டால் முதல் மூன்று நாள் இயந்திரம்தான் பேசியது. நான்காம் நாள் மனிதர் ஒருவர் வந்து, பணம் எங்கள் வழியாக வரவில்லை, எனவே எங்கள் பதிவேட்டில் உங்களுக்கு டூரே கிடையாது என்றார். வங்கியில், நீங்களே விரும்பி அனுப்பிய பணம், கார்டு என்றால் கேட்டுப் பார்க்கலாம், இது முடியாது. சியம் ரீப் சுற்றுலா போலீசில் உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, பொறுமையாகக் கேட்டார்கள். கடை விலாசம் என்ன என்றார்கள். என்னிடம் இருந்தது ஒரு போன் நம்பரும் ஒரு "வணக்க"மும்.

இன்று காலை வந்த மெசேஜ்: பணம் திருப்ப முடியாது, அடுத்த வருடம் வந்தால் 420 டாலருக்கும் இலவச டூர் தருகிறாராம். அடுத்த வருடம்! அதே கூடை வைத்த சைக்கிளில்.

போகிறவர்களுக்கு விரிவாக எழுதுவதாக நினைத்துத்தான் ஆரம்பித்தேன், கை ஓடவில்லை. தளத்தில் பிடித்தால் தளத்திலேயே கட்டுங்கள், கார்டில் கட்டுங்கள். முழுப் பணம் முன்கூட்டிக் கேட்டால் வேண்டாம். அங்கோர் பாஸை நீங்களே எடுங்கள், கோ கேருக்குத் தனி டிக்கெட். சைக்கிளைக் கிளம்பும் முந்தின நாள் நேரில் போய் ஓட்டிப் பாருங்கள். தண்ணீரும் செயின் துண்டும் உங்கள் முதுகிலேயே இருக்கட்டும், யார் வண்டியிலும் ஏற்றாதீர்கள்.

இதை எழுதி முடிக்கும்போது அந்த விளம்பரம் இன்னும் இருக்கிறதா என்று திறந்து பார்த்தேன். இருக்கிறது. புதிதாக ஒரு படம் சேர்த்திருக்கிறார்கள். பெங் மீலியா நாகத்துக்குப் பக்கத்தில் சைக்கிளோடு பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும் இரண்டு பேர். நானும் அவனும். கீழே விலை 470 டாலர்.